ஈறு நிறத்துச் சுழலி

பகலில் நான் பல் செய்கிறவள்.
டுவைசல் ஊரில் பாதிப் பேர்
நான் வார்த்த பல்லால்தான்
ஆட்டிறைச்சி மெல்கிறார்கள்.
இரவில் அதே மேசையில், அதே மெழுகில்
ஒரு சுழலி செதுக்குகிறேன்.
மூன்று இதழ். நாற்பது மில்லிமீட்டர்.
ஒவ்வொன்றும் கொஞ்சம் முறுகி
அடுத்ததன் முதுகைத் தொடாமல் தொட்டபடி.

கடையில் கிடைக்குமே, என்றான் கோரின்.
கடையில் பல்லும் கிடைக்கும், என்றேன்.

வெளியே தொங்கும் புரொப்பல்லர்
இங்கே செல்லாது.
பின்னலை அவிழ்த்துவிட்ட ஆறு எங்களுடையது.
பத்துப் புரியாய்ப் பிரிந்து
கணுக்கால் நனையாத ஆழத்தில்
கல்லோடு வம்பளந்துகொண்டே போகும்.
அடியில் ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால்
முதல் திருப்பத்திலேயே பிடுங்கிக்கொள்ளும்.
ஆகவே எல்லாம் உள்ளே.
படகின் வயிற்றில் ஒரு வாய்,
பின்னால் ஒடுங்கிய ஒரு மூக்கு,
நடுவில் நீரைப் பிடித்து உந்த
இளஞ்சிவப்பாய் ஒரு பூ.

இளஞ்சிவப்பு ஏனென்றால்
மிச்சமிருந்த அக்ரிலிக் அதுதான்.
திருமதி ஆல்ட்ரிட்ஜின் மேல்தாடைக்குக் கலந்தது.

குழாய், பழைய சமையலறையின் செம்பு.
வாய்க்குச் சல்லடை, சைக்கிள் ஆரக்கம்பி நான்கு.
மோட்டார், கோரின் பைன் மரத்தில் மோதிய டிரோனுடையது.
அச்சு நுழையும் துளையில்
விரல் நுனியளவு கிரீஸ்;
அதையும் மீறி
ஒரு சொட்டு வரும், எப்போதும் வரும்,
அதோடு சமாதானமாகிவிட்டேன்.

குளியல் தொட்டியில் முதல் ஓட்டம்.
விசையைத் தள்ளினேன்.
தண்ணீர் கூரைவரை போனது.
படகு போகவில்லை.
ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு
நின்ற இடத்தில் முனகியது,
துண்டோடு வந்த கோரின்
துண்டைத் தன் முகத்துக்கே வைத்துக்கொண்டான்.

இன்னும் வேகம் கொடுத்தேன். இன்னும் முனகல்.
இதழைத் தேய்த்தேன், மூக்கைக் குறுக்கினேன்,
இரண்டு வாரம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
எஞ்சின் எண்ணெயைப் புனலில் ஊற்றும்போது பார்த்தேன்,
அது சுற்றிக்கொண்டே இறங்குவதை.
என் தண்ணீரும் அப்படித்தான் வெளியேறுகிறது,
பிழிந்த துணிபோல் முறுக்கிக்கொண்டு.
கொடுத்த பலத்தில் பாதியைச்
சுற்றுவதிலேயே செலவழித்துவிட்டு
எஞ்சியதால் தள்ளுகிறது.

சுழலிக்குப் பின்னால் ஐந்து தகடு வைத்தேன்.
அசையாத தகடுகள், குழாய்ச் சுவரோடு ஒட்டியவை,
எதிர்ப்பக்கம் லேசாய் வளைந்து
முறுக்கைப் பிரித்து நேராக்கி அனுப்ப.
சும்மா நிற்பதுதான் அவற்றின் வேலை.
கோரின் இதிலிருந்து
திருமணம் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான்.
ஸ்பேனரைக் கொடு, என்றேன்.

ஞாயிறு. வடமேற்குக் காற்று,
கரையெங்கும் ஊதா லூபின்.
அஹுரிரியில் பனி உருகிய நீர்,
பால் சிந்திய நீலம்.
படகை வைத்ததும்
ஒரு நொடி யோசித்தது.
அப்புறம் மூக்கை உயர்த்தி
வெள்ளை வாலொன்றைப் பின்னால் எறிந்து
போனது.
விரலாழ மேட்டின்மேல்
தன் நிழலை உரசிக்கொண்டு,
ஒன்றிலிருந்து மற்றொரு புரிக்குத் தாவி,
மறுகரையில் மேய்ந்த வாத்துகள் எழும்ப,
நான் என்ன கத்தினேன் என்று தெரியவில்லை,
கோரின் சொல்ல மறுக்கிறான்.

ஆறாவது சுற்றில் டக் என்றது.
வால் அறுந்தது. படகு
நடு ஆற்றில் குறுக்காய்த் திரும்பி
வெறும் கட்டையாய் மிதந்தது.

பூட்ஸோடு இறங்கினேன்.
முழங்காலில் குளிர் கடித்தது,
தொடையில் வலியே தெரியவில்லை.
பிடித்துக் கவிழ்த்துப் பார்த்தால்
ஆரக்கம்பி இரண்டுக்கு நடுவே நுழைந்து
ஒரு சாம்பல் கல், பட்டாணியளவு.
உள்ளே சுழலியில்
ஒரு இதழின் நுனி போயிருந்தது.

கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
நுனியை நாவால் தடவிப் பார்த்தேன், பழக்கதோஷம்.
சுத்தமான உடைவு. ஒட்டும்.
திங்கள் பதினொரு மணி,
திருமதி ஆல்ட்ரிட்ஜுக்கு அடுத்து.