ஆறு மணிக்கு மட்டும்

காந்திபுரத்துக் கடையொன்றில்
பில் இல்லாமல் வாங்கிய பிராசஸர்.
அட்டையில் போட்டிருந்தது மூன்று புள்ளி ஆறு.
‘அதுக்கு மேல தொந்தரவு பண்ணாதீங்க்கா’ என்றான் விற்றவன்.
அதைக் கேட்ட பிறகுதான்
தொந்தரவு பண்ணத் தோன்றியது.

திருப்பூர் கம்பெனி ஒன்றுக்குக்
குழந்தைச் சட்டைகளைத் திரையில் தைத்துத் தருகிறேன்.
ஊசி இல்லை, துணி இல்லை.
ஒட்டகச்சிவிங்கி அச்சிட்ட ஒரு சட்டை
நிழலோடும் சுருக்கத்தோடும் உருவாக
நாற்பத்தொரு நிமிஷம்.
கடலுக்கு அப்பால் காத்திருப்பவருக்கு
அவ்வளவு பொறுமை கிடையாது.

பெருக்கியை ஒரு படி ஏற்றினேன்.
பிறகு இன்னொரு படி.
மின்னழுத்தம் சித்தே,
கண்ணுக்கு மை தொடுகிற அளவு.
காய்ந்த பசையைச் சுரண்டிப் புதுப் பசை, ஓர் அரிசி.
தொண்ணூற்றிரண்டு டிகிரி காட்டியபோது
பக்கத் தகட்டைக் கழற்றி
மேற்கு ஜன்னலைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.
ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாய்
காசு கேட்காமல் வேலை செய்தது.
எழுபத்தெட்டு.
காற்றோடு பஞ்சும் வந்தது;
ஞாயிறுதோறும் பெயிண்ட் பிரஷ்ஷால் கூட்டுகிறேன்.

நாலு புள்ளி ஏழில்
ராத்திரி முழுக்கச் சோதனை.
பகா எண்ணாகத் தேடித் தேடி
ஒரு பிழை இல்லை.
காலை ஆறு மணிக்குப் பொட்டென்று அணைந்தது.
மறுநாளும் ஆறு.
அதற்கு மறுநாள் ஆறு மூன்று.

நீலத்திரை வந்தால் என் தப்பு:
அழுத்தம் போதவில்லை, ஆசை கூடிப்போச்சு.
இது நீலம் இல்லை. வெறும் கறுப்பு,
யாரோ சுவிட்சைத் தட்டிவிட்டாற்போல.
‘பீஸு சரியில்லக்கா, எறக்கிரு’
என்றான் உடுமலையிலிருந்து சாதிக்.
நாலரைக்கு இறக்கினேன்.
ஒரு நாள் நின்றது. மறுநாள் ஆறு மணி.

அப்புறம் கூலி உயர்வு கேட்டு
சாமளாபுரம் முழுக்கத் தறிகள் நின்றன.
பத்தொன்பது நாள்.
காக்கை இறக்கை அடிப்பது
தெருவில் கேட்டது.
என்ற பொட்டி நாலு புள்ளி எட்டில்
பொட்டாட்டம் ஓடியது, பத்தொன்பது நாளும்.
சட்டைக்கு முப்பத்தொரு நிமிஷம்.

கோப்பை அனுப்பிவிட்டுக் கடைக்குப் போனால்
பக்கத்து நாச்சிமுத்து அண்ணன்
அரைக் கிலோ பருப்பைக்
கால் கிலோவாக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்ததும் பையை மடித்துக்கொண்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய எட்டுத் தறி.
இரண்டு பேருக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர்.
எட்டு மோட்டாரும் ஒருசேர மூச்சிழுக்கும்போது
என் வீட்டுக் கம்பியில் மிஞ்சுவது நூற்றெழுபது.
இத்தனை நாள் நான் சோதித்துக்கொண்டிருந்தது
பிராசஸரை இல்லை.

தறி ஓடப்போகிற முந்தின ராத்திரி
சொல்லலாமா என்று இருந்து, சொல்லிவிட்டேன்.
‘ஏனுங்ணா, நீங்க தறி போட்டா
என்ற பொட்டி செத்துப்போவுதுங்க.’
‘எத்தனை குதிரைசக்தி அது?’
‘குதிரையெல்லாம் இல்லீங்ணா. நாலு குண்டு பல்பு எரியற அளவுதான்.’
‘அதுக்கு எதுக்கு இத்தனை வேகம்?’
ஒட்டகச்சிவிங்கியைப் பற்றிச் சொன்னேன்.
அவர் சிரிக்கவும் இல்லை.

ஸ்டெபிலைசர் வாங்கலாம்.
வாங்குவேன், இந்த மாசச் சட்டைகள் பணமாகி வந்தால்.
இப்போதைக்கு மறுபடியும் நாலரை,
அழுத்தத்திலும் ஒரு பொட்டுக் குறைத்து.

காலை ஆறு.
குழல்விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.
ஒரு தறி. விளக்கு லேசாகச் சுருங்கி விரிந்தது.
அடுத்ததைக் காணோம்.
ஒரு நிமிஷம் கழித்து இரண்டாவது.
பிறகு இடைவெளி; யாரோ இருமுகிற சத்தம்.
மூன்றாவது.
ஒவ்வொன்றாகப் போடுங்கள் என்று
நான் கேட்டிருக்கவில்லை.

எட்டாவதும் சேர்ந்து
சுவர் முழுக்கத் தடதடக்கும்போது
ஆறு பத்து.
பெட்டிக்குள் விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது.

நம்பிக்கை வரவில்லை.
சோதனையை முதலிலிருந்து போட்டேன்.