பத்து எண்ணும்வரை

தொய்வு என்று பேர் வைத்தவனுக்குத்
தொய்வு இருந்திருக்காது.
இதில் தொய்ந்து கிடக்க என்ன இருக்கிறது?
முறுகின கிணற்றுக் கயிறு இது.
இழுக்க இழுக்க, அடியில்
வாளி கல்லில் முட்டுகிற சத்தம்தான் வருகிறது.

மல்லாவிச் சந்தையடியில் சலூன்.
இரண்டு கதிரை, வெடித்த கண்ணாடி ஒன்று, வெடிக்காதது ஒன்று.
பவுடர், மயிர்த்தூள்,
தையில் மெசின் வயலுக்குள் இறங்கினால்
கதவிடுக்கால் வருகிற பதர்த்தூசு.
"தொழிலை விடும்" என்றார் முதல் டொக்டர்.
அதையும் துண்டில் எழுதித் தந்திருந்தால்
லீசிங்காரனிடம் காட்டியிருப்பேன்.

கிளினிக் கொப்பி இப்போது மூன்றாவது.
ஒருவர் எழுதின குளிசையை
அடுத்தவர் பாதியாக்கினார்.
அதற்கடுத்தவர் பாதியை இரண்டாக்கினார்.
மாற்றம் கிடைத்து வருகிறார்கள்,
மாற்றி எழுதுகிறார்கள்,
மாற்றமாகிப் போகிறார்கள்.

ஒரு மாரியில் சின்னக் குளிசை, நாளுக்கு ஆறு.
மூச்சு வந்தது. கூடவே பசியும் வந்தது,
நடுச்சாமத்தில் பானையைச் சுரண்டுகிற பசி.
முகம் உப்பிற்று.
"வசதியாய்த்தான் இருக்கிறீர் போல"
என்று சொல்லித் தவணையைக் கேட்டான் லீசிங்காரன்.

நீலப் பம் சட்டைப் பையில்.
தேவைக்கு இரண்டு அமத்து என்று ஒட்டியிருக்கிறது.
தேவை என்றால் என்னவென்று ஒட்டவில்லை.
எட்டுக்குப் பிறகு நான் எண்ணுவதில்லை.
சுகந்தினி அதை எடுத்துக்
காதடியில் குலுக்கிப் பார்க்கிறாள்,
மூத்தவளின் உண்டியலைப்போல.

குளிசை கூடின மாதம் கை நடுங்கத் தொடங்கியது.
மூச்சா கையா என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
யோசிக்க ஒரு நாள் தவணை கேட்டிருப்பேன்.
"பிளேட் முடிஞ்சுது" என்று சொல்லி
ஒரு மாதம் மெசின் வெட்டு மட்டும் வெட்டினேன்.

ஒரு சனி பின்னேரம் கதிரையில் வந்து இருந்தார்
புது டொக்டர், அனுராதபுரத்துப் பொடியன்.
கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.
பொய் வாயில் வரவில்லை.
நுரைக்குக் கீழே அவருடைய குரல்வளை
ஏறி இறங்கியது,
ஒரு சதச் செலவில்லாமல்.
பார்த்துக்கொண்டு நின்றேன். கத்தி ஆடியது.
"பயமா?" என்றார் தமிழில்.
"உங்கட குளிசைதான் சேர் நடுங்குது."

எழும்பி உட்கார்ந்தார், ஒரு கன்னம் நுரையோடு.
"பம்மை அடியுங்கோ, பாப்பம்."
அடித்தேன், ஆறு வருசமாய் அடிக்கிற மாதிரி.
வெடிக்காத கண்ணாடியில் இரண்டு பேரும் கண்டோம்:
மருந்து வாயோரத்தால்
வெள்ளைப் புகையாய்க் கழன்று போவதை.
ஆறு வருசம் நான்
இந்தத் தகரக் கூரைக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

முதலில் உள்ளதெல்லாம் ஊதி விடவேண்டுமாம்.
அமத்துகிற நேரமே மெல்ல இழுக்கவேண்டுமாம்.
பிறகு பொத்திப் பிடிக்கவேண்டும், பத்து மட்டும்.
அவர் தன் பாசையில் எண்ணினார்.
எக்க, தெக்க, துன...
ஏழுக்கு ஹத என்றார்.
அங்கே இருமினேன்.

குளிசையைக் குறைத்து மண்ணிறப் பம் எழுதினார்.
காலை இரண்டு, இரவு இரண்டு, வாய் கொப்பளிக்கவேணும்.
ஆசுப்பத்திரியில் மண்ணிறம் முடிந்திருந்தது.
மாங்குளத்துப் பாமசியில் விலை கேட்டேன்:
பதினொரு தலை வெட்டவேண்டும்.
வெட்டி வாங்கினேன்.
இரண்டு கிழமை ஒன்றும் தெரியவில்லை,
ஏமாந்தேன் என்றுதான் நினைத்தேன்.
மூன்றாம் கிழமை, சந்தை நாளில், நாலு முகம் வழித்தேன்.
ஒரு கீறல், காதடியில்.
அது என்னுடைய பிழை, மருந்தினுடையது இல்லை.

இவரும் மாற்றமாகிப் போவார்.
கொப்பியில் இன்னும் பன்னிரண்டு பக்கம் கிடக்கிறது.

இரவு, பாயில் இருந்தபடி
இழுத்துப் பொத்திப் பிடிக்கிறேன்.
யாருடைய வயலிலோ மெசின் இன்னும் நிற்கவில்லை.
சுகந்தினி இருட்டில் எண்ணுகிறாள்.
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்
வேண்டுமென்றே
கொஞ்சம் பிந்துகிறாள்.