சாம்பல் சத்து

மூன்றாம் கட்டில், இரண்டாம் ஷிஃப்ட்.
கபிஸ்தலத்து அமிர்தகடேசன் கையை நீட்டுகிறார்.
ஊசி ஏறப்போகும் நரம்பு
என் விரலடியில் பூனைக்குட்டிபோல் குறுகுறுக்கிறது.
சீட்டில் பொட்டாசியம் ஆறு புள்ளி நாலு.
"என்ன சாப்பிட்டீங்க?"
"ஒண்ணும் இல்லையே மேடம்."
எல்லாரும் சொல்வதுதான்.
இயந்திரத்துக்குப் பொய் தெரியாது, எனக்குத் தெரியும்.

நாலு ஏக்கர் பூவன் வைத்திருக்கிறார்.
தார் வெட்டும் நாளில் தோப்புப் பக்கம் போகாமல்
கொள்ளிடத்து மணலில் போய் நிற்பாராம்.
வீட்டில் தையல்நாயகி உருளைக்கிழங்கை வெட்டி
வெந்நீரில் இரண்டு தரம் ஊறவைத்து
நீரை வடித்துவிட்டுத்தான் சமைக்கிறாள்.
வடித்த நீர் கொல்லை வாழைக்கு.
கன்று கருகருவென்று வருகிறதாம்.
சொல்லும்போது சிரிப்பு வந்தது அவருக்கு.
பிறகு வரவில்லை.

உரக்கடையில் அதற்குப் பெயர் சாம்பல் சத்து.
தழை, மணி, சாம்பல்:
கடைசியாகச் சொல்வது.
கப்பலில் வந்த சிவப்பு உப்பை
மரத்துக்கு ஒரு பிடியாக
அவர் கையாலேயே மண்ணைப் பறித்து வைத்தது.
"நான் போட்ட உப்பே எனக்கு ஆகலை பாருங்க."

இன்றைக்கு வேறொன்று கேட்டார்.
துபாயிலிருந்து மகன் அனுப்பியிருக்கிறான்,
வாழைப்பழத்தில் கதிரியக்கம் இருக்காமே, நெசமா?

இருக்கிறது.
பத்தாயிரத்தில் ஒரு பொட்டாசியம் அந்த மாதிரி.
எப்போது உடையும் என்று அதற்கே தெரியாது.
பாதி உடைந்து முடிய
நூற்றிருபத்தைந்து கோடி வருஷம்.
காவிரி என்று ஓர் ஆறு ஓடுவதற்கு முன்பே
ஏதோ ஒரு பாறையில் காத்துக்கொண்டிருந்தது.
ஒரு பூவனில் விநாடிக்கு ஏழெட்டுப் பொறி,
ஓர் ஆளுக்குள் நாலாயிரம் சொச்சம்.
பயப்படுவதென்றால்
பழம்தான் உங்களைப் பார்த்துப் பயப்படணும் என்றேன்.

"உடைஞ்சது என்ன ஆவும்?"
பத்தில் ஒன்பது கால்சியம்.
வெற்றிலையில் தடவுவீங்களே, அதில் இருப்பது.
மீதி ஒன்று ஆர்கான்,
குண்டு பல்புக்குள் அடைக்கிற காற்று,
மூச்சோடு மூச்சாய்ப் போய்விடும்.

இதயத்தை நிறுத்துவது இந்தப் பொறி இல்லை என்பதை
நான் சொல்லவில்லை.
அதற்குப் பொறியே வேண்டாம்.
சும்மா, கொஞ்சம் கூடினால் போதும்.

முதல் மணி நேரம் முடியவில்லை,
டாக்டர் வர இன்னும் நேரமிருந்தது.
வேட்டி மடிப்பிலிருந்து எடுத்தார்:
ஒரே ஒரு பூவன், பாதி கறுத்தது.
"இப்பதான் சுத்தம் பண்ணுதே,
இதையும் சேர்த்து எடுத்துடாதா?"
பிடுங்கியிருக்க வேண்டும்.
நான் திரும்பி
ஐந்தாம் கட்டிலின் ரத்த அழுத்தத்தைக் குறித்தேன்.
ஸ்பிரிட் நெடியைத் தாண்டி வாசனை வந்தது.
குறித்த எண் தப்பு. பிறகு அடித்துத் திருத்தினேன்.

நாலு மணி நேரம்.
ரத்தம் வெளியே போய், சிவப்பு மாறாமல் திரும்பி வந்தது.
மூன்று கிராம் சாம்பல் கழிநீரில்.
சார்ட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்,
விநாடிக்கு நூறு பொறி குறைந்து
எடை மெஷினில் ஏறி நிற்கிறார்,
செருப்பைக் கழற்ற மறந்து.
அந்த நூறும் குழாயோடு இறங்கி
அரசலாற்றுப் பக்கம் எங்கேயோ
உடைந்து உடைந்து போகும்.
எந்த வாழை குடிக்கப்போகிறதோ.

கடைசி பஸ். வீடு வந்து
சாவிக்காகப் பையில் கைவிட்டால் குளிர்ச்சியாக ஏதோ.
எப்போது வைத்தார் மனுஷர்?
ஒரு சீப்புப் பூவன். எண்ணிப் பார்த்தேன்.
நுனியில் ஒரு காம்பு மட்டும் புதிதாய்க் கிள்ளியிருந்தது.

நின்றபடியே இரண்டு தின்றேன்.
பக்கத்தில் படுப்பவரின் பொறியும்
நம்மேல் கொஞ்சம் விழுமாம்,
கணக்கில் சேர்க்க முடியாத அளவு.
திருப்பூரிலிருந்து அது இவ்வளவு தூரம் வராது.
மூன்றாவதையும் உரித்தேன்.