ஒன்பதாம் பக்கம்

அம்பாசமுத்திரம் கோர்ட்டுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
பெஞ்சு ஒன்று, மின்விசிறி ஒன்று,
வாய்தாவுக்குக் காத்திருப்பவர்கள் புரட்ட
ஒரே ஒரு நாவல்.

அட்டையில் மூன்று குதிரை, ஒரு கண்ணாடி மலை.
ராஜா செத்துப்போகிறார்.
மலையுச்சிச் சுனைநீரை முதலில் கொண்டுவரும் மகனுக்கு முடி.
மூத்தவன் தன் நிழலை அடகு வைக்கிறான்.
நடுவுள்ளவன் காக்கையாகிப் பறக்கிறான்,
திரும்ப மனுஷனாகத் தெரியவில்லை.
இளையவன் பாதி வழியில் தூங்கிவிடுகிறான்.

எங்கள் பக்கம் பங்கு வழக்கு இல்லாத குடும்பம்
கல் கிடக்காத ஆறு மாதிரி.
அதனால் எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு.

"அந்த ராசா உயில ரிஜிஸ்தர் பண்ணியிருந்தா
நானூறு பக்கம் மிச்சம்லா" என்றார்
வக்கீல் குமாஸ்தா ஆவுடையப்பன்,
கண்ணாடியை வேட்டி முனையில் துடைத்தபடி.
மலைக்கு சர்வே நம்பர் இல்லை,
நான்கு மால் எங்கேயும் சொல்லப்படவில்லை என்பது
அவருடைய இரண்டாவது குறை.

ஜீவனாம்சத்துக்கு நடக்கும் கிறேசம்மாளுக்குக் காக்கையைப் பிடித்துப்போயிற்று.
"அவனக் கெட்டவம்னு எழுதிட்டானே.
நடுவுல பொறந்தவன் வேற எங்கக்கா போவான்?"
சொல்லிவிட்டு அழுதாள்.
அன்று அவளிடம் நகலுக்குக் காசு வாங்கவில்லை.

டிராக்டர் கடனுக்கு ஜாமீன் போட்டு மாட்டிக்கொண்ட பையன்
ராட்சசப் பாம்புச் சண்டை ரெண்டே பக்கம்தான் என்று
அட்டையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

பிறகு பிரம்மதேசம் பலவேசம், அவர் தம்பி முப்பிடாதி.
இருபத்தோரு மரக்கால் விதைப்பாட்டுக்கும்
ஒரு கிணற்றுக்குமாகப் பதினாலு வருஷம்.
பெஞ்சில் ஒருவர் என்றால் மற்றவர் டீக்கடையில்.

நூற்று முப்பத்திரண்டாம் பக்கம்,
இளையவன் தூங்கும் இடம். ஓரத்தில் பென்சில்:
'தூக்கம் இல்லை. நடிப்பு.'
அடுத்த வாய்தா முடிந்து பார்த்தால் கீழே நீல மை:
'நிழலை அடகு வைத்தவன் பேசுகிறான்.'
பென்சில்: 'யாருக்காக வைத்தான்? இவனைப் படிக்கவைக்க.'
கதையில் அப்படி ஒன்றும் இல்லை.
ஐப்பசி வரை பதில் வரவில்லை.
மழை விட்டபின் நீல மை, சின்ன எழுத்தில்:
'தெரியும்.'

யார் கையெழுத்தென்று எனக்குத் தெரியாதா?
எத்தனை மனு நகல் எடுத்திருக்கிறேன்.
'ழ'வின் வாலை அடுத்த வரி வரை இழுப்பவர்
இந்தத் தாலுகாவில் ஒருவர்தான்.
யாரிடமும் சொல்லவில்லை. வழக்கு நடக்கிறது.

என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஒன்பதாம் பக்கத்தைச் சொல்லியிருப்பேன்.
அரைப்பக்கம் கோட்டுச் சித்திரம்.
மூவரும் புறப்படும் விடியலில்
கோட்டைக் கதவைத் திறந்து விளக்கோடு நிற்கிறாள் தங்கை.
ஒரு வரி. பெயர் கிடையாது.
அதற்கப்புறம் அறுநூறு பக்கத்தில் அவள் வரவேயில்லை.
கதவைச் சாத்தினாளா, சாப்பிட்டாளா,
அந்தச் சுனைநீரில் ஒரு மடக்காவது குடித்தாளா.

எனக்கும் அண்ணன்மார் மூன்று பேர்.
சார்பதிவாளர் ஆபீசில் நான் கையெழுத்துப் போட்ட தாளுக்கு
விடுதலைப் பத்திரம் என்று பெயர்.
பெரியண்ணன் ரோஸ்மில்க் வாங்கித் தந்தான்.
நன்றாகத்தான் இருந்தது.

நேற்று கரண்டு வந்ததும்
அந்தப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்து
இருநூறு சதவீதம் பெரிதாக்கினேன்.
பச்சை வெளிச்சம் விளக்குக்கு அடியில் போய்த் திரும்பியது.
மை தீரும் நேரம். குதிரைகள் சாம்பல்,
இளவரசர்கள் வெறும் கோடு.
அவளுக்கு முகமே வரையவில்லை என்று
அப்போதுதான் பார்த்தேன்:
விளக்கு, வளையல், அதற்குமேல் தாள்.

பேனாவைத் திறந்தேன்.
"தாயி, நாலு செட்டு" என்று கட்டை மேசைமேல் போட்டார் பலவேசம்.
"சமாதானமா?"
"அப்பீலு."
எந்திரம் ஓடும் நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்,
நூற்று முப்பத்திரண்டைத் தானாக விரித்துக் கொடுத்தது புத்தகம்.
எழுத ஏதாவது இருக்கா என்று கேட்டார்.
என் பேனாவை நீட்டினேன்.
வேண்டாம், பென்சில்தான் என்றார்.