நாற்பத்தொன்றாம் பக்கம்

பிஷ்கெக்கில் அந்தக் குளிர்காலம் முழுக்க
ஒரே தொண்டைதான் எல்லோருக்கும் பேசியது.
மாளிகைக்காரிக்கும் அவள் வேலைக்காரிக்கும்
சாகக் கிடக்கும் பாதிரியாருக்கும்
ஏழு வயதுச் சிறுமிக்கும்
சகின்பெக்கின் புகையிலைக் குரல்.

அழுகைக்கு அவன் அழமாட்டான்.
பின்னணியில் அவள் ஸ்பானிய மொழியில் விம்முவாள்.
அரை நொடி தள்ளி
பேருந்து நிறுத்தத்தின் பெயரை அறிவிப்பதுபோல்
இவன் சொல்வான்:
"என் இதயம் நொறுங்கிவிட்டது."
ஊரே நொறுங்கும்.

ஒலிப்பதிவு மேசையில் நான்.
கார்பன் மை அப்பிய வசனத்தாள்கள்
பொட்டலமாக வரும்.
ஒருநாள் நாற்பதுக்கு அடுத்து நாற்பத்திரண்டு இருந்தது.
திரையில் அவள் கதவருகே நிற்கிறாள்,
உதடு அசைகிறது,
கணவன் முகம் வெளுக்கிறது.
எங்கள் இருவருக்கும் அந்த மொழியில் ஒரு சொல் தெரியாது.
மின்சாரம் போக இன்னும் இருபது நிமிடம்.

சகின்பெக் ஆறிய தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு
மைக்கிடம் சொன்னான்:
"நான் இந்த வீட்டு நாற்காலி இல்லை.
நாற்காலிகூட ஒருநாள் கால் முறிந்து
உன்னைக் கீழே தள்ளும்."

அவள் வாய் மூடியபின்னும் இரண்டு சொல் மிச்சமிருந்தன.
யாரும் கவனிக்கவில்லை.

நாரினில் டிராக்டர் பேட்டரியில் ஓடிய பெட்டி முன்
இருபத்துமூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம்.
அதில் புருல்சுன் ஒருத்தி.
மறுவாரம் நீதிமன்றத்தில்
மணவிலக்குக்குக் காரணம் கேட்டபோது
அந்த நாற்காலியைச் சொன்னாள், ஒரு சொல் பிசகாமல்.
எழுத்தரின் பேனா நின்றது.
நீதிபதியும் செவ்வாய் இரவு பார்த்தவர்தான்.

கோடைக்குள் பதினோரு பேர் அதையே சொன்னார்கள்.
டோக்டோசுன் என்றொருவன்
வீட்டிலிருந்த ஆறு நாற்காலிகளையும் வெட்டி
அடுப்பில் போட்டுவிட்டு
"இப்போது சொல்லு" என்றானாம் மனைவியிடம்.
அவள் தரையில் உட்கார்ந்து குளிர்காய்ந்தாள்.
இதையும் எங்கள் கணக்கில்தான் எழுத வேண்டும்.

மார்ச்சில் வந்துசேர்ந்தது நாற்பத்தொன்றாம் பக்கம்,
வேறொரு தொடரின் தாள்களுக்கு நடுவே.
அவள் சொன்னது இவ்வளவுதான்:
"வைரத்தை எடுத்தது நான். அடகு வைத்துவிட்டேன்."
அதனால்தான் அடுத்த முப்பது நாள்
அந்த மனிதன் வைரம் வைரமென்று அலைந்தான்,
நாடே அவனைப் பைத்தியம் என்றது.

சகின்பெக்கிடம் காட்டினேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"அந்த வசனம் என்னுடையது இல்லை.
அன்று காலை என் மனைவி சொன்னது.
அடுப்படியில், முதுகைக் காட்டிக்கொண்டு.
அப்போது எனக்குக் கேட்கவில்லை.
ஒளிபரப்பானபோதுதான் கேட்டது."

அவள் இப்போது எங்கே என்று
நான் கேட்பதற்குள் சிவப்பு விளக்கு எரிந்தது.
திரையில் ஒரு பெண் தலையைச் சாய்த்து
வயிறு குலுங்கச் சிரிக்க,
தாளில் இருந்ததை
அவன் அப்படியே வாசித்தான்:

"சிரிக்கிறாள்."