இதர செலவுகள்

விண்ணப்பத்தின் ஒன்பதாம் பக்கத்தில்
தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு கட்டம்.
பயனாளிகள் வாழ்வில் ஏற்பட்ட மாற்றத்தை
ஐம்பது சொற்களுக்குள் எழுத வேண்டும்.

லிங்கராஜபுரம் மேம்பாலம் இறங்கினால்
வெல்டிங் கடைக்கு மேல்மாடி எங்கள் மையம்.
பதினாறு பெண்கள், ஆறு மாதம், வீட்டு வயரிங்.
டெஸ்டர், கட்டிங் பிளையர்,
ஒரு மரப்பலகை நிறைய
எந்த விளக்கோடும் சேராத சுவிட்சுகள்.

நான் கணக்கு எழுதுகிறவள்.
மானியம் எதற்கு வரும் எதற்கு வராது
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
பயிற்றுநர் சம்பளத்துக்கு வரும்.
பேனருக்கு வரும்,
அதில் அவர்கள் சின்னம் எத்தனை அங்குலம்
என்ற குறிப்போடு வரும்.
பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்
மேரி ஸ்டெல்லாவுக்கு
வராது.

போன வருடம் மேரி ஸ்டெல்லா இல்லை.
இருபது பேர் தொடங்கி ஏழு பேர் முடித்தார்கள்.
இடைநிற்றலுக்கான காரணம் என்ற இடத்தில்
ஆர்வமின்மை என்று போடச் சொன்னார்கள்.
போட்டேன்.

ஷகிலா பானு
மூன்று வாரம் இடுப்பில் பிள்ளையோடு வந்தாள்.
ஒரு கையால் ஸ்க்ரூ முடுக்கினாள்,
மற்றவர்கள் இரண்டு கையால் முடுக்குவதற்கு முன்னால்.
கரண்ட் இருக்கிற இடத்தில் குழந்தையா
என்றார் பயிற்றுநர்.
அவர் சொன்னதும் சரிதான்.
நான்காம் வாரம் அவள் வரவில்லை.
ஆர்வமின்மை.

இந்த வருடம்
மேரி ஸ்டெல்லாவை இன்சுலேஷன் டேப் ஆக்கினேன்.
மாதம் ஆறாயிரத்துக்கு டேப்,
கொஞ்சம் கிளிப், கொஞ்சம் ஸ்க்ரூ.
ரசீது வாங்குவது பெரிய வித்தை இல்லை,
கீழே வெல்டிங் கடைக்காரருக்கு ஒரு மச்சினன் உண்டு.
பின்னறையில் பழைய பேனரை விரித்து
ஒன்பது பிள்ளைகள் தூங்கின,
அந்தச் சின்னத்தின் மேலேயே.

ஆறாம் மாதம் தணிக்கைக்கு ஷெனாய் வந்தார்.
குறை சொல்ல முடியாத மனிதர்.
குடிக்கத் தண்ணீர்கூடத் தானே கொண்டுவந்திருந்தார்.
ரசீதுகளைப் புரட்டி,
இவ்வளவு டேப்பா என்றார்.

அந்த நேரம் பார்த்து
பின்னறையில் டேப் ஒன்று
வீறிட்டு அழுதது.

கீழே கிரைண்டர் சத்தம்கூட நின்றுபோன மாதிரி இருந்தது.
பலகையில் வேலையாயிருந்த பவுலினாதான்
திரும்பாமலேயே பேசினாள்.
"நோடி சார், இந்தப் பச்சை வயர்.
இதில் கரண்ட் ஓடாது. பல்பு எரியாது, ஃபேன் சுத்தாது.
தண்டச் செலவு.
இதைப் போடாமலே பில் வாங்கிப் போகிற
மேஸ்திரிகள் இந்த ஊரில் நிறைய.
அந்த வீட்டில் யாராவது
ஈரக் கையோடு கீசரைத் தொடுகிற வரைக்கும்
எல்லாம் நன்றாகத்தான் எரியும்."

ஷெனாய் பேனாவை மூடினார். திறந்தார்.
என்ன எழுதினார் என்று
ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.
முப்பத்தாறாயிரம் ஏற்கப்படவில்லை.
திருப்பிச் செலுத்தவும்.
அதற்கும் கீழே, பென்சிலில்,
அடுத்த முறை தனித் தலைப்பில் கேளுங்கள்.

என் சம்பளத்தில் மாதம் மூவாயிரம் பிடிக்கிறார்கள்.
பதினாறில் பதினான்கு பேர் முடித்தார்கள்
என்பதை அந்தப் பிடித்தத்தோடு
சேர்த்துக் கூட்டவா கழிக்கவா,
கணக்குக்காரி எனக்கே தெரியவில்லை.
ஹெண்ணூரில் முதல் ஃப்ளாட் முடித்த அன்று
பவுலினா ஐந்நூறு ரூபாயை மேசையில் வைத்தாள்.
ரசீது கேட்டாள்.
எந்தத் தலைப்பில் என்றேன்.
எர்த் என்றாள்.

இன்று ஒன்பதாம் பக்கம்.
மேரி ஸ்டெல்லா. மாதம் ஆறாயிரம். இவள் டேப் அல்ல.
ஏழு சொற்கள் ஆயின.
மீதி நாற்பத்து மூன்றை அப்படியே விட்டுவிட்டு
போன வருடப் பதிவேட்டில்
ஷகிலா பானுவின் எண்ணைத் தேடுகிறேன்.
மழை ஒழுகிய பக்கம்.
கடைசி இலக்கம் மூன்றா எட்டா, புரியவில்லை.
இரண்டையும் போட்டுப் பார்க்கிறேன்.