செவ்வாய்க் குற்றம்

படிவத்தின் பதினோராம் கேள்வி:
உங்கள் ஆய்வின் தாக்கம் என்ன? எண்ணில் தருக.
எண்ணில்.
கேட்டவர்களுக்கு என் தொழில் தெரிந்திருக்கிறது.

அந்த வருடம் கொழும்பில் மின்சாரம்
அட்டவணை போட்டு வந்து போனது.
கின்சி வீதி ஆய்வுகூடத்து ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க
ரிஸ்மியாவின் தம்பி இரண்டு பகல் லைனில் நின்றான்.
மகரகமவிலிருந்து கட்டித் துண்டுகள் வரும்,
ரெஜிபோம் பெட்டியில், த்ரீவீலில், ரிஸ்மியாவின் மடியில்.
ஒவ்வொன்றும் பட்டாணிப் பருமன்.
ஒவ்வொன்றிலும் இருபதாயிரம் மரபணுக்கள்,
சில உரத்து, சில முணுமுணுத்து.
எண்ணாகி வந்த பிறகுதான் எனக்கு அவை கேட்கும்.

இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள்.
திரையில் புள்ளிகளாய் விரித்தபோது
இரண்டு மேகங்கள்.
விதானகே மேடம் கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினார்.
புதிய வகைப் புற்று, என்றார், எங்கள் தீவிலிருந்து.
பின்னேரத்துக்குள் அதற்கொரு பெயரும் வந்துவிட்டது.
சின்ன மேகத்தில் அறுபத்தொரு பேர்.
இப்படியானவர்களுக்கு இன்னும் கடுமையான மருந்து வேண்டும் என்றது
கட்டுரையின் கடைசிப் பந்தி.

மேகங்கள் அவ்வளவு அழகாகப் பிரிந்திருந்தன.
எனக்கு அழகில் நம்பிக்கை குறைவு.
ரிஸ்மியாவின் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன்:
சீஆர் கொப்பி, நீலப் பேனை, அட்டையில் பிளேன்டீ வட்டம்.
அறுபத்தொன்றும் செவ்வாய்க்கிழமை.
எங்கள் பகுதிக்கு இருட்டு நீண்ட நாள்.
டீசல் தீர்ந்து
உறைபெட்டி மூன்று மணிநேரம் வியர்த்திருக்கிறது.
மேடம் பெயர் வைத்தது அந்த வியர்வைக்கு.

சிரிப்பு வந்துவிட்டது.
எட்டில் செவ்வாய் என்று
வெள்ளவத்தைத் தரகர் என் குறிப்பை
மூன்று முறை திருப்பித் தந்தவர்.
இந்தச் செவ்வாய்க்காவது
பரிகாரம் எனக்குத் தெரியும்.

சூட்டில் முதலில் உடைகிற மரபணுக்கள் சில உண்டு.
அவை எவ்வளவு உடைந்தன என்று அளந்து
அதற்கேற்ற பங்கை மற்றெல்லாவற்றிலிருந்தும் கழித்தேன்.
ஒரு மேகம்.
யாரும் கை தட்டவில்லை.
மேடம் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.
பிறகு ஒரு மத்தியானம், கன்டீன் ரோல்ஸைப் பாதியாகப் பிய்த்து நீட்டி,
"அந்தக் கழித்தலை எழுது" என்றார்.
ரோல்ஸில் மீனைவிடக் கிழங்கே அதிகம் இருந்தது.

நான்கு பக்கம் எழுதினேன்.
ஒஸ்லோவில், பூசானில், சாவ் பாவுலோவில்
தங்கள் தங்கள் செவ்வாய்களைக் கழிக்கிறார்கள்.
மேற்கோள்கள் ஆயிரத்து எழுநூற்று நாற்பது.
படிவம் கேட்கும் எண் அதுதான்.
பெட்டிக்குள் சரியாக அடங்குகிறது.

அந்தக் கடைசிப் பந்தியை நம்பி
யாரும் யாருக்கும் மருந்து ஏற்றவில்லை.
எங்கோ ஒருத்தியின் விரல்நுனிகள் மரத்துப் போகவில்லை,
ஊசியில் நூல் கோர்க்கிறாள்,
அல்லது கோர்க்க விருப்பமில்லாமல் டிவி பார்க்கிறாள்.
எனக்கு அவளைச் சுட்டிக்காட்ட முடியாது.
என் அட்டவணையில் நடக்காததற்கு நிரல் கிடையாது.

உயிர்வாழ்வு வளைகோடு வரையும்போது
ஒருத்தி இறந்தால் கோடு ஒரு படி இறங்கும்.
கிளினிக்குக்கு வராமல் விட்டால்
ஒரு சின்னக் கீறல் மட்டும் போடுவோம்:
இதுவரை இருந்தாள், பிறகு தெரியாது.
கோடு நேரே போகும்.

எண்ணை எழுதி அனுப்பிவிட்டு
காலி வீதி பஸ்ஸில் ஏறினேன்.
பக்கத்தில் ஒருத்தி, ஐம்பது வயதிருக்கும்,
ஒரு கையில் பாணும் கங்குன் கட்டும்,
மற்றக் கையால் கம்பியைப் பிடித்திருக்கிறாள்.
அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.
"இறங்கப் போறீங்களா?"
இல்லை என்று கொஞ்சம் ஒதுங்கினேன்.

டிக்மன்ஸ் ரோட்டில் இறங்கினாள்.
ஒரு கீறல்.
பஸ் நேரே போனது.